சாதாரணக் காரின் பிரேக்: குறைந்த செலவில் மேம்படுத்திய வரலாறு

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றி வண்டியை நிறுத்தும் அமைப்பே பிரேக். தமிழில் இதற்குத் தடுப்பான், நிறுத்தி எனச் சொற்கள் ஆக்கப்பட்டுள்ளன. பட்டறையிலும் சாலையிலும் பிரேக் என்ற சொல்லே வழங்குவதால் இக்கட்டுரையும் அதையே பயன்படுத்துகிறது. பந்தயக் கார்களின் பிரேக்கைப் பற்றி நூல்கள் பல உண்டு. மாதச் சம்பளக்காரரும் வாடகைக் கார் ஓட்டுநரும் தம் வண்டியின் பிரேக்கை எவ்வாறு நம்பத்தக்கதாக வைத்துக்கொண்டனர் என்பது அதிகம் எழுதப்படாத வரலாறு. கன்னியாகுமரி மாவட்டத்தையும் சென்னையை அடுத்த பாடியையும் மையமாகக் கொண்டு அவ்வரலாறு இங்கே தரப்படுகிறது.

முட்டுக்கட்டை

மோட்டார் வாகனம் வருவதற்கு முன்பே பிரேக்கின் அவசியத்தைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். கோயில் தேர் இதற்குச் சிறந்த சான்று. தேரை இழுப்பது எளிது. நினைத்த இடத்தில் நிறுத்துவதும் வீதி முக்கில் திருப்புவதும் கடினம். ஓடும் சக்கரத்தின் முன் மரத்தாலான ஆப்பைச் செருகி வேகத்தைக் குறைப்பார்கள். இதற்கு முட்டுக்கட்டை என்றும் சறுக்குக்கட்டை என்றும் பெயர். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் தேரோட்டத்தில் கட்டை போடுபவர்களின் வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் ஆபத்து தெரியும். கை நழுவினால் சக்கரம் காத்திருக்காது. ஒரு செயலைத் தடுப்பதை 'முட்டுக்கட்டை போடுதல்' என்று இன்றும் சொல்வது இத்தொழிலிலிருந்து வந்த வழக்கு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. பழைய வண்டிக்குப் புதிய பிரேக் பொருத்தியதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை.

செருப்புத் தைப்பவரும் மோட்டார் காரும்

உலகின் முதல் பிரேக் மேம்பாடு மிகக் குறைந்த செலவில் நடந்தது என்பது சுவையான செய்தி. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரில் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல் சென்றார். கணவரிடம் சொல்லாமல் கிளம்பிய பயணம் அது. வழியிலுள்ள இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து பிடிப்பு விட்டது. அவர் ஒரு கிராமத்தில் செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, பிரேக் கட்டைகளின்மேல் தோலை ஆணியடித்து வாங்கிக்கொண்டார். பிரேக் லைனிங்கின் தொடக்கமாக இதையே சொல்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் 1897-இல் தொடங்கிய முயற்சியும் இதைப் போன்றதே. டெர்பிஷயர் மலைச்சாலைகளில் இறங்கும் குதிரைவண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைப் பிரேக் கட்டையில் கட்டி ஓட்டுவதை அவர் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்ததே ஃபெரோடோ என்னும் லைனிங் நிறுவனம். பூட்ஸின் தோலுக்குப் பதிலாகப் பருத்தி இழையும், பின்பு வெப்பத்தைத் தாங்கும் கல்நாரும் லைனிங்கில் இடம்பெற்றன. கல்நார் பின்னாளில் என்ன செய்தது என்பதைக் கீழே காணலாம்.

பிரேக்கின் வடிவமும் மாறியது. லூயி ரெனோ 1902-இல் டிரம் பிரேக்கை உருவாக்கினார். அதே ஆண்டில் பிரிட்டனின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை என்றாலும், டிஸ்க் சாதாரண மனிதரின் காருக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கம்பியால் இழுத்த பிரேக்குக்குப் பதிலாக எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கை அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட் உருவாக்கினார். 1921-இல் வந்த டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைக் கொண்டிருந்தது. 1953-இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றது. 1955-இல் சிட்ரோவன் டி.எஸ். கார் முன்சக்கர டிஸ்க்குகளுடன் விற்பனைக்கு வந்தது. இந்தியச் சாலைகளில் அப்போதும், அதன்பின் முப்பது ஆண்டுகள் வரையும், டிரம்தான்.

தெற்குத் திருவாங்கூரில் மோட்டார்

தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவாங்கூரையும், பின்பு திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தவை. திருவாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் சொந்தமாகப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியது. இலண்டன் போக்குவரத்தில் அனுபவம் பெற்ற சால்டர் என்பவரை அதற்குப் பொறுப்பாக்கியது. இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேஸிகள் வந்தன. உடற்கூடு திருவனந்தபுரத்திலேயே கட்டப்பட்டது. வெளிநாட்டு வண்டியை உள்ளூர்க் கையால் பழுது பார்க்கும் பழக்கம் இப்பகுதியில் அரசுப் பட்டறையிலும் தனியார் பட்டறைகளிலும் இவ்வாறு வேரூன்றியது.

நாஞ்சில் நாட்டின் நிலமும் வானமும் பிரேக்கைச் சோதிப்பவை. வயலும் குளமும் நிறைந்த சமவெளியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே மலை தொடங்கிவிடுகிறது. பாலமோர், கீரிப்பாறை போன்ற தோட்டப் பகுதிகளுக்குச் செல்லும் சாலைகள் ஏற்ற இறக்கமானவை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை மட்டுமே முதன்மை. இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து பெய்கின்றன. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. இம்மூன்றும் பிரேக்கை மூன்று வழிகளில் கெடுக்கின்றன: இறக்கம் சூடாக்குகிறது, மழை பிடிப்பைக் குறைக்கிறது, உப்பும் ஈரமும் சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்கின்றன.

பாடி

1953-இல் வரி விதிப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி, இந்தியாவில் உண்மையாகவே வண்டி தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கே இங்கு இடம் என்று நடுவண் அரசு முடிவெடுத்தது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸும், பம்பாயில் பிரீமியரும், சென்னையில் ஸ்டாண்டர்டும் எஞ்சின. இவற்றுக்கு உள்நாட்டு உதிரிப்பாகங்கள் தேவைப்பட்டன.

அத்தேவையை நிறைவு செய்தவர்களில் முதன்மையானது டி.வி.எஸ். குழுமம். அதன் நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வள்ளியூர் பக்கம் போனால் அவ்வூர் அருகில்தான். நாஞ்சில் நாட்டார் இந்த அண்டை வீட்டு உறவை அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. குழுமம் 1962-இல் பிரிட்டனின் கெர்லிங் நிறுவனத்துடன் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. அதே ஆண்டில் கிளேட்டன் டெவாண்டர் நிறுவனத்துடன் சேர்ந்து சுந்தரம் கிளேட்டன் தொடங்கப்பட்டது. இதன் பெயரிலுள்ள டெவாண்டர், வெற்றிட விசையால் பிரேக் மிதியின் பாரத்தைக் குறைக்கும் சர்வோவை 1920-களில் உருவாக்கிய பெல்ஜியப் பொறியாளர். 1964-இல் ரானே பிரேக் லைனிங்கும் 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தோன்றின.

பிரேக் வரலாற்றில் இந்நிகழ்வின் பயன் விலையில்தான் தெரிந்தது. இறக்குமதிக்காகக் காத்திருக்க வேண்டிய வீல் சிலிண்டரும் ரப்பர் கப்பும் லைனிங்கும் நாகர்கோவில் கடையில் கிடைக்கலாயின. பின்னாளில் இத்தொழிற்சாலைகளின் தரமும் உலகறியப்பட்டது. தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைச் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-இலும், ரானே பிரேக் லைனிங் 2003-இலும் பெற்றன. ஒரே நகரத்தின் பிரேக் தொழிற்சாலைகள் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் இப்படி வரிசையாகப் பரிசு பெற்றது பள்ளிப் பாடநூலில் இடம்பெறத்தக்க செய்தி.

அம்பாசடரும் பத்மினியும்

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவிய அம்பாசடர் 1950-களின் இறுதியில் வந்தது. 2014 மே மாதம் வரை தயாரிக்கப்பட்டது. ஃபியட் 1100-ஐத் தழுவிய கார் 1970-களில் பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. ஒரு காரை வாங்கப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கிடைத்த காரை இருபது, முப்பது ஆண்டுகள் வைத்து ஓட்டினார்கள். ஆகவே பிரேக்கை மேம்படுத்துவது என்றால் பெரும்பாலும் பழையதை முழுத் திறனுக்குக் கொண்டுவருவது என்றே பொருள்பட்டது.

டிரம் பிரேக்கில் சக்கரத்துடன் சுழலும் டிரம்முக்குள் இரண்டு சூக்கள் இருக்கும். மிதியை அழுத்தினால் அவை விரிந்து டிரம்மை உரசும். ஒரு சூவை டிரம்மின் சுழற்சியே உள்ளிழுத்து இறுக்கும். கதவின் கீழ் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவது போல. இதனால் சர்வோ இல்லாமலேயே டிரம் நன்றாகப் பிடிக்கும். அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தின் இரு சூக்களும் இவ்வாறு இறுகும்படி அமைக்கப்பட்டிருந்தன. குறை, வெப்பத்தில் வெளிப்பட்டது. சூடான டிரம் விரிந்து சூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆட்களுடன் சேர்த்து 1,450 கிலோ எடையுள்ள ஓர் அம்பாசடர் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2 இலட்சம் ஜூல். ஒருமுறை நிறுத்தினால் அவ்வளவு வெப்பத்தை நான்கு டிரம்களும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே கார் பொன்முடி போன்ற 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலையிலிருந்து 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 71 இலட்சம் ஜூல். அதாவது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 35 முறை நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் ஏற்கும். பெரும்பங்கை எஞ்சின் ஏற்க வேண்டும் என்பதால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னார்கள். ஒரு பைசா செலவில்லாத பிரேக் மேம்பாடு இதுவே. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் இறங்கியவர்களின் கதை வேறு.

பட்டறையில் செய்யப்பட்ட வேலைகளில் முதலிடம் லைனிங் மாற்றுதலுக்கு. தேய்ந்த லைனிங்கின் ரிவெட்டுகளை உடைத்து எடுத்துவிட்டு, அதே சூவில் புதிய லைனிங்கை வைத்து ரிவெட் அடிப்பார்கள். சூ வாங்கும் செலவு மிச்சம். டிரம்மில் வரி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைவார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடைந்த டிரம்மின் உள்விட்டம் கூடிவிடும். பழைய வளைவுள்ள லைனிங் அதன் நடுப்பகுதியில் மட்டுமே தொடும். நல்ல மெக்கானிக் லைனிங்கின் முனைகளையும் மேடுகளையும் அராவி, முழுப்பரப்பும் தொடுமாறு செய்தபின்பே வண்டியை விடுவார். ஒரே லைனிங், ஒரே விலை. ஆனால் இரு பட்டறைகளில் செய்த வேலைக்கிடையே நிற்கும் தூரத்தில் வேறுபாடு தெரியும். டிரம் அளவுக்கு மீறிக் கடையப்பட்டால் மெலிந்து, சீக்கிரம் சூடாகி, விரிசலும் விடும்.

1970-களின் பிற்பகுதிக்குப் பின் டீசல் மோகம் வந்தது. பெட்ரோல் அம்பாசடர்களில் டீசல் எஞ்சினைப் பொருத்தி வாடகைக்கு ஓட்டினார்கள். டீசல் எஞ்சின் எடை அதிகம். அதன் உறிஞ்சு குழாயில் பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போன்ற வெற்றிடமும் இல்லை. ஆகையால் சர்வோ வைக்க வேண்டுமானால் தனியாக வெற்றிட பம்பு தேவை. எஞ்சினுக்குச் செலவழித்தவர்களில் எத்தனை பேர் பிரேக்கைப் பற்றி நினைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. வண்டியின் எடையைக் கூட்டிவிட்டுப் பழைய பிரேக்கையே வைத்திருப்பது, பிரேக்கைத் தரம் இறக்குவதே ஆகும்.

பிரேக் ஆயில்

மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. தொடக்ககாலத்தில் பிரேக் ஆயில் ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து செய்யப்பட்டது. பின்பு கிளைகால் வகை வந்தது. ஆயில் என்று அழைத்தாலும் இது எஞ்சின் ஆயிலைப் போன்றதன்று. எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ பிரேக்கின் ரப்பர் கப்பில் பட்டால் அது ஊதிப்போய்ச் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும். கப்பை மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டி, மறுநாள் பிரேக் பிடித்தபடியே நின்றுவிட்ட வண்டிகள் உண்டு.

கிளைகால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 வகையின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலைக்கு வகுக்கப்பட்ட வரம்பு 140 டிகிரி. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி பஞ்சு போலாகித் தரை வரை போகும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் பிரேக் திரும்பிவிடும். மெக்கானிக் பார்க்கும்போது குறை எதுவும் தெரியாது. மலையிறக்கத்தில் 'பிரேக் போய்விட்டது' என்று சொல்லப்படுபவற்றில் இவ்வகையும் அடங்கும்.

எனவே ஈரக்காற்றுள்ள கன்னியாகுமரி போன்ற மாவட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றி, குழாயிலுள்ள ஏர் எடுப்பது ஆடம்பரமன்று. டாட் 3 இருந்த வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கான் வகை; இவற்றுடன் கலக்கக் கூடாது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் டாட் 5.1 கிளைகால் வகையைச் சேர்ந்தது.

டிஸ்க் வந்தபின்

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் முன்சக்கரத்தில் டிஸ்க்கும் பின்சக்கரத்தில் டிரம்மும் என்ற அமைப்பு நடுத்தரக் குடும்பத்தின் காரில் இயல்பாயிற்று. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் முன்சக்கரமே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. ஆகவே நல்ல பிரேக் அங்கே. டிஸ்க் திறந்திருப்பதால் விரைவில் ஆறும், மழைநீரை உதறிவிடும்.

இதைக் கண்ட பழைய கார்ப் பிரியர்கள் தம் வண்டிக்கும் டிஸ்க் வைக்க விரும்பினர். பழைய இரும்புச் சந்தையில் காலிப்பரும் டிஸ்க்கும் மலிவாகவே கிடைத்தன. உண்மையான செலவு அதற்குப் பிறகே. டிஸ்க்குக்கு டிரம்மைப் போலத் தானே இறுகும் குணம் இல்லை. சர்வோ இல்லாவிட்டால் மிதி கல்லாக இருக்கும். காலிப்பர் பிஸ்டன் பெரிதென்பதால் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் போதாமல் போகலாம். முன்பின் விகிதம் மாறினால் ஈரச்சாலையில் ஏதாவது ஒரு பக்கச் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டினால் வண்டி சுழலும். இவற்றையெல்லாம் கணக்கிட்டுச் செய்தவர்கள் உண்டு. டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டு மார்தட்டியவர்களும் உண்டு. அதே பணத்தில் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் இரட்டைச் சுற்றுச் சிலிண்டர் வைத்திருந்தால், ஒரு குழாய் கசிந்தாலும் மற்றச் சுற்றிலாவது பிரேக் இருந்திருக்கும். பழைய கார்களுக்கு அதுவே முந்திச் செய்திருக்க வேண்டிய வேலை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கல்நார்த் தூசு

மலிவான லைனிங்கின் விலையை வேறொருவரும் கொடுத்துக்கொண்டிருந்தார். பல பத்தாண்டுகள் லைனிங்கில் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த சாம்பல்நிறத் தூசை வாயால் ஊதியோ காற்றுக்குழாயால் அடித்தோ அகற்றுவது பட்டறைகளில் வழக்கம். வேலை பழகும் சிறுவர்களுக்கே பெரும்பாலும் இவ்வேலை கிடைக்கும். கல்நார் இழை நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் மூச்சுநோயாகவும் வெளிப்படக்கூடியது. 1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் பகுதியாகக் கண்டு, அவர்களது மருத்துவப் பதிவுகளை நீண்டகாலம் காத்துவைக்கும்படி ஆணையிட்டது. தொழிற்சாலைக்கு அது பொருந்தும். சாலையோரப் பட்டறையில் யாருக்கும் பதிவு இல்லை. ஈரத்துணியால் துடைத்து எடுப்பது ஒன்றே அங்கு செய்யத்தக்க பாதுகாப்பு. இப்போது கல்நார் இல்லாத லைனிங்குகள் பரவலாகக் கிடைக்கின்றன. உறையில் அவ்வாறு அச்சிடப்பட்டிருக்கும். விலாசமில்லாத மலிவு லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சட்டமும் இன்றைய நிலையும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் வலியுறுத்தியது. 1989-ஆம் ஆண்டு விதிகளில் 96-ஆம் விதி பிரேக்கைப் பற்றியது. ஆகவே வேறு காரின் டிஸ்க்கையும் காலிப்பரையும் மாட்டுவது இன்று சட்டச் சிக்கலுக்கும் விபத்துக் காப்பீட்டு வழக்கில் தொல்லைக்கும் இடம் தரலாம். நல்ல பேடு, லைனிங், ஆயில், ரப்பர் குழாய், டயர் ஆகியவற்றை அந்த மாடலுக்கு உரிய வகையில் மாற்றுவது பராமரிப்பே. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது, வண்டியை நிறுத்துவது டயர் என்பதால் வழுக்கையான டயரை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த பேடு வாங்குவதில் பொருளில்லை.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய கார்களுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கிய, ஏ.பி.எஸ். இல்லாத கார்கள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றில் அதைப் பின்னர்ப் பொருத்துவது சாதாரணப் பட்டறையால் ஆகாதது. டிரம் பிரேக்கில் ஓட்டப் பழகியவர்கள் வழுக்கும் சாலையில் மிதியை விட்டுவிட்டு மிதிப்பார்கள். அக்கார்களுக்கு அது சரியான முறை. ஏ.பி.எஸ். உள்ள காரில் மிதியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும்; காலில் அதிர்வு தெரிந்தாலும் விடக் கூடாது. ஒரே வீட்டில் பழைய காரும் புதிய காரும் ஓட்டுபவர்கள் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் பழக வேண்டியுள்ளது.